வைஃபை வேகம் ஒரே இடத்தில் நிற்கிறதா? டெர்மினலில் பார்ப்பது, கட்டுவது, அவிழ்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியில் வைஃபையின் பிட்ரேட்டை டெர்மினல் வழியாக மாற்றப் போய் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் போனில்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கட்டளைகளை இங்கேயும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது, நான் தனியாகச் சொல்லும் இடங்கள் தவிர, எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து. சுடோ என்று தொடங்கினால் அது நிர்வாகி அனுமதியோடு ஓடும் கட்டளை. ஐடபிள்யூ என்பது ஐ, டபிள்யூ என்ற இரண்டே எழுத்து. டெவ் என்பது டி, ஈ, வி. டபிள்யூலேன்0 என்று வரும் இடத்தில் உங்கள் வைஃபை கார்டின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிட்ரேட் என்று காட்டுவது என் இன்டர்நெட் வேகமா?

இல்லை. உங்கள் கணினிக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவில், காற்றில் ஒரு ஃபிரேம் (ஒரு தரவுப் பொட்டலம்) எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் பிட்ரேட். ரூட்டரைத் தாண்டி வெளியே போகும் ஃபைபரின் வேகம் வேறு கணக்கு.

இந்த வேகம் கார் ஆக்சிலரேட்டர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறாது. படிப்படியாகத்தான் ஏறும், படிப்படியாகத்தான் இறங்கும். 1997-ல் வந்த முதல் தரத்தில் 1, 2 எம்பிபிஎஸ் என்று இரண்டே படிகள். 1999-ல் வந்த 'பி' தரம் 5.5, 11 என்று இன்னும் இரண்டைச் சேர்த்தது. 'ஏ', 'ஜி' தரங்களில் 6, 9, 12, 18, 24, 36, 48, 54 என எட்டுப் படிகள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் இப்போது லெகசி வேகங்கள் என்கிறார்கள். 2009-ல் 'என்' தரம் வந்த பிறகு படிகளுக்கு எம்சிஎஸ் என்று எண் போட்டுவிட்டார்கள். ஒரே ஆன்டெனா ஓட்டத்துக்கு (காற்றில் ஒரே நேரத்தில் போகும் தரவு வரிசை ஒன்றுக்கு) எம்சிஎஸ் 0 முதல் 7 வரை. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் எம்சிஎஸ் 0 என்றால் 6.5, எம்சிஎஸ் 7 என்றால் 65. ஃபிரேமுக்குள் இருக்கும் சிம்பல்கள் என்ற குட்டித் துண்டுகளுக்கு இடையே விடும் காவல் இடைவெளியைக் குறைத்தால் அதே 7-ஆம் படி 72.2 ஆகும். அகலம் 40 ஆனால் 150. 'ஏசி' தரத்தில் 80 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஓட்டத்துக்கு 433.3, இரண்டுக்கு 866.7. 'ஏஎக்ஸ்' தரத்தில் அதே அகலத்தில் ஒரு ஓட்டத்துக்கு 600.5.

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது இந்த எண்களின் கூட்டல்தான். கைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய அதில் பாதி, நல்ல இடத்தில் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'வந்தது' என்ற பதில், காத்திருப்பு, அக்கம்பக்கத்து வைஃபைக்கு விடும் இடம் என்று மிச்ச நேரம் செலவாகிவிடும்.

இப்போது எந்தப் படியில் ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கார்டின் பெயர்:

ஐடபிள்யூ டெவ்

'இன்டர்ஃபேஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பெயர். பழைய பாணியில் டபிள்யூலேன்0, புதிய பாணியில் டபிள்யூஎல்பி2எஸ்0 மாதிரி இருக்கும். அப்புறம்:

ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 லிங்க்

கீழே இருப்பது போல வரும் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்:

சிக்னல்: -71 டிபிஎம்
ஆர்எக்ஸ் பிட்ரேட்: 39.0 எம்பிட்/எஸ் எம்சிஎஸ் 4
டிஎக்ஸ் பிட்ரேட்: 19.5 எம்பிட்/எஸ் எம்சிஎஸ் 2

சிக்னல் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடுதல், அதாவது -45 நல்லது, -79 மோசம். ஆர்எக்ஸ் என்பது ரூட்டர் உங்களுக்கு அனுப்பும் வேகம். டிஎக்ஸ் என்பது நீங்கள் ரூட்டருக்கு அனுப்பும் வேகம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரூட்டருக்கு மூன்று ஆன்டெனாவும் தடியான அடாப்டரும் இருக்கும், உங்கள் லேப்டாப்புக்குத் திரை ஓரத்தில் ஒட்டிய இரண்டு சின்னத் தகடுகள்தான். அது கத்துவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அதற்கு அவ்வளவு கேட்காது.

'நாட் கனெக்டட்' என்று வந்தால் வேகத்தைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. முதலில் இணையுங்கள்.

எதுவும் செய்யாமல் இருக்கும்போது 1 அல்லது 6 என்று காட்டுகிறதே, பழுதா?

பழுதில்லை. அந்த வரி கடைசியாகப் போன ஃபிரேமின் வேகத்தைக் காட்டுகிறது. சும்மா இருக்கும் கார்டு 'இருக்கிறேன், தூங்கப் போகிறேன்' என்று ரூட்டருக்குச் சொல்லும் சின்னச் செய்திகளைக் கீழ்ப்படியில்தான் அனுப்பும். ஒரு பெரிய கோப்பை இறக்க விட்டு, அது ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் பாருங்கள். நொடிக்கொரு முறை பார்க்க முன்னால் 'வாட்ச் -என் 1' சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு பதிலிலேயே முடிந்துவிடும்.

ஐடபிள்யூகான்ஃபிக்கில் 'ரேட் 54எம்' கொடுத்தேன். 'செட் பிட் ரேட், 8பி20, ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று திட்டுகிறது. என்ன அர்த்தம்?

8பி20 ஏதோ மர்மப் பிழை எண் போலத் தெரியும். அது பிழை எண்ணே இல்லை. 'வேகத்தை மாற்று' என்று கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதியிடம்) கேட்கும் விண்ணப்பத்தின் எண். 'இந்த விண்ணப்பத்தை இந்த டிரைவர் வாங்கிக்கொள்ளாது' என்பதுதான் மொத்தச் செய்தியும்.

ஐடபிள்யூகான்ஃபிக் பழைய கருவி. வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பழைய ஏற்பாட்டின் வழியாகப் பேசுகிறது. அந்த ஏற்பாடு உருவான காலத்தில் எம்சிஎஸ் என்ற பேச்சே கிடையாது, எனவே அதில் எம்சிஎஸ் படியைக் குறிப்பிட வழியும் இல்லை. இப்போதைய டிரைவர்கள் என்எல்80211 என்ற புதிய வழியில் பேசுகின்றன, அதற்கான கருவிதான் ஐடபிள்யூ. பழையதை இன்னும் பயன்படுத்தினால், வைஃபை 7 கார்டுகளில் இது வேலை செய்யாது என்று சமீபத்திய கெர்னல்கள் டிமெசேஜ் (தட்டும்போது டி, எம், ஈ, எஸ், ஜி) பதிவில் எச்சரிக்கையே எழுதுகின்றன. பழைய வலைப்பக்கங்களில் 'ரேட் ஆட்டோ', 'ரேட் 5.5எம் ஆட்டோ' என்றெல்லாம் பார்ப்பீர்கள். முதலாவது 'உன் இஷ்டம்', இரண்டாவது '5.5-ம் அதற்குக் கீழும்' என்று பொருள். படித்துப் புரிந்துகொண்டால் போதும், புதிதாகப் பழக வேண்டாம்.

சரி, ஐடபிள்யூவில் வேகத்தை எப்படிக் கட்டுவது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது 'இந்த வேகத்தில் ஓடு' என்ற கட்டளை இல்லை. 'இந்தப் படிகளில் மட்டும் கால் வை' என்று ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலுக்குள் எதில் நிற்பது என்பதை அப்போதும் டிரைவர்தான் முடிவு செய்யும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் லெகசி வேகங்களை 6, 12, 24 என்று மட்டும் வைக்க:

சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பிட்ரேட்ஸ் லெகசி-2.4 6 12 24

5 கிகாஹெர்ட்ஸில் 'என்' தரத்தின் எம்சிஎஸ் 0 முதல் 4 வரை மட்டும்:

சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பிட்ரேட்ஸ் ஹெச்டி-எம்சிஎஸ்-5 0 1 2 3 4

'ஏசி' தரமென்றால் விஹெச்டி-எம்சிஎஸ்-5. அங்கே ஓட்டங்களின் எண்ணிக்கையும் சேரும்: 1:0-4 என்றால் ஒரு ஓட்டம், 0 முதல் 4 வரை.

எல்லாக் கட்டையும் அவிழ்க்க, பின்னால் எதுவுமே சேர்க்காமல்:

சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பிட்ரேட்ஸ்

முதல் கட்டளையை அடிக்கும் முன்பே இந்தக் கடைசி வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தபின் தேடினால் கிடைக்காது.

எல்லோரும் விழும் குழி ஒன்று இங்கே உண்டு. லெகசி பட்டியலை மட்டும் கொடுத்தால் லெகசி படிகள் மட்டும்தான் கட்டுப்படும், எம்சிஎஸ் படிகள் திறந்தேதான் இருக்கும். ரூட்டரும் கார்டும் 'என்' தரத்தில் பேசிக்கொண்டிருந்தால் தரவு எம்சிஎஸ்ஸில்தான் ஓடும். '24-க்கு மேல் போகாதே என்றேன், லிங்க்கில் 65 காட்டுகிறதே' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். எந்தத் தரத்தில் இணைந்திருக்கிறீர்களோ அந்தத் தரத்தின் பட்டியலைக் கட்டுங்கள்.

பிழையாக ஒரு கழித்தல் குறியும் எண்ணும் மட்டும் வருகிறது. எது எதற்கு?

-1 என்றால் அனுமதி இல்லை, முன்னால் சுடோ போட மறந்திருப்பீர்கள். -19 என்றால் அந்தப் பெயரில் கார்டே இல்லை. டபிள்யூலேன்0 என்று பழக்கதோஷத்தில் அடித்திருப்பீர்கள். -100 என்றால் இன்டர்ஃபேஸ் இறங்கிக் கிடக்கிறது. 'சுடோ ஐபி லிங்க் செட் டபிள்யூலேன்0 அப்' என்று ஏற்றுங்கள். ஏற்றும்போது 'ஆர்எஃப்-கில்' என்று பிழை வந்தாலோ, ஐடபிள்யூ -132 என்றாலோ ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறது. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடித்துப் பாருங்கள். அதில் 'சாஃப்ட்' என்றால் கட்டளையால் திறக்கலாம். 'ஹார்ட்' என்றால் லேப்டாப்பின் விளிம்பில் எங்கோ ஒரு சுவிட்ச் அல்லது விமானக் குறிப் பொத்தான் இருக்கும்.

-22 கொஞ்சம் யோசிக்க வைக்கும். 'நீ கொடுத்த மதிப்பு செல்லாது' என்று அர்த்தம். 5 கிகாஹெர்ட்ஸில் 11 எம்பிபிஎஸ் கேட்டால் வரும், அங்கே அந்தப் படியே கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் 'இந்தச் சில வேகங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்' என்று அடிப்படை வேகப் பட்டியல் ஒன்றை அறிவிக்கும். நீங்கள் கட்டும் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால், மேக்80211 (கெர்னலின் வைஃபை பகுதி) அதை ஏற்காமல் -22 சொல்லித் திருப்பிவிடும். பட்டியலில் 6, 12, 24 ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

-95 தான் பலரை அழவைப்பது. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

-95, 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்'. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. சில கார்டுகளில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் மூளை கெர்னலில் இருக்கிறது. சிலவற்றில் அது கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் இருக்கிறது. முதல் வகையில்தான் நம் பேச்சு எடுபடும்.

ராஸ்பெர்ரி பை போர்டிலேயே வரும் வைஃபை இரண்டாம் வகை. அதன் பிஆர்சிஎம்எஃப்மேக் டிரைவர் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் ஃபர்ம்வேரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அங்கே செட் பிட்ரேட்ஸ் அடித்தால் -95 தான். புதிய இன்டெல் கார்டுகளிலும் வேகத் தேர்வு ஃபர்ம்வேரின் கையில். குவால்காமின் ஏடிஹெச்10கே டிரைவர் நடுவில் நிற்கிறது. ஒரே ஒரு படி என்றாலோ 'இத்தனை ஓட்டம் வரை' என்றாலோ கேட்கும், நடுவில் பொறுக்கி எடுத்த பட்டியல் கொடுத்தால் முரண்டு பிடிக்கும். பழைய ஏடிஹெச்9கே கார்டு கையில் இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். சொன்னதைக் கேட்கும் வகை அது, பரிசோதனைக்கென்றே நான் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களுடையது எந்த டிரைவர் என்று அறிய 'எல்எஸ்பிசிஐ -கே' அடித்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் வரிக்குக் கீழே பாருங்கள்.

இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் வைஃபைக்கு 'ரேட்' என்ற ஒரு பண்பு இருக்கிறது. அதை மாற்றினால் பிழையும் வராது, பலனும் வராது. அந்தப் பண்பு செயல்படுத்தப்படவே இல்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதில் பொழுதைப் போக்க வேண்டாம்.

எம்சிஎஸ் 7-ல் கட்டினேன். பிழை வரவில்லை. ஆனால் முன்பைவிட மோசம். ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், நானே இதில் விழுந்தவன்.

மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சித்தி மகன் ஒரு நாள் இரவு போன் போட்டான். "அண்ணே, 6.5-லேயே நிக்குது, ஏறவே மாட்டேங்குது." லிங்க்கைப் படிக்கச் சொன்னேன்: சிக்னல் -79, டிஎக்ஸ் 6.5, எம்சிஎஸ் 0. அவனுடைய கார்டு சொன்னதைக் கேட்கும் வகை. நானும் அவசரத்தில் "ஹெச்டி-எம்சிஎஸ்-2.4 7 போட்டுக் கட்டிவிடு" என்றேன். கட்டினான். கட்டளை முணுமுணுக்கக்கூட இல்லை. லிங்க்கில் 65 என்று ஜம்மென்று காட்டியது. ரூட்டருக்குப் பிங் அடிக்கச் சொன்னேன். பத்தில் ஏழு திரும்பி வரவில்லை.

என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு சிக்னல் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 20 மெகாஹெர்ட்ஸில் எம்சிஎஸ் 0-க்குத் தரம் வைத்திருக்கும் அளவு -82 டிபிஎம், எம்சிஎஸ் 7-க்கு -64. அகலம் 40 ஆனால் இரண்டுக்கும் இன்னும் 3 டிபி கூடுதலாக வேண்டும். நல்ல கார்டுகள் இதைவிடக் கொஞ்சம் மெல்லிய சிக்னலிலும் சமாளிக்கும். ஆனால் -79-ல் வைத்துக்கொண்டு 7-ஆம் படியில் பேசு என்பது, அடுத்த தெருவில் இருப்பவரிடம் ரகசியக் குரலில் வேகமாகப் பேசுவது மாதிரி. அனுப்பிய ஃபிரேம் புரியாது, திரும்ப அனுப்ப வேண்டும், அதுவும் புரியாது. திரும்பத் திரும்ப அனுப்பும் கணக்கைக் காண:

ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 ஸ்டேஷன் டம்ப்

இதில் டிஎக்ஸ் பேக்கெட்ஸ், டிஎக்ஸ் ரீட்ரைஸ், டிஎக்ஸ் ஃபெயில்ட் என்று மூன்று எண்கள் வரும். அன்றைக்கு ரீட்ரைஸ் எண் பேக்கெட்ஸ் எண்ணைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்த்தோம், பழையபடி 6.5, பிங் ஒழுங்காக வந்தது. மெதுவாக இருந்தாலும் கார்டு சரியாகத்தான் முடிவெடுத்திருந்தது. தப்பு என் மேல்.

மறுநாள் நேரில் போனேன். ரூட்டர் கீழே ஹாலில், ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தது. கேபிள்காரர் துளை போட்ட இடம் அது. ஒயர் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று சித்தி பீரோவை அதன் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். ஐந்து மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கி, ரூட்டரை மாடிப்படித் திருப்பத்தில் ஆணியில் மாட்டினோம். மேலே போய்ப் பார்த்தால் சிக்னல் -62. எதையும் கட்டாமலே எம்சிஎஸ் 6-க்கும் 7-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யார் வேகத்தைக் கட்ட வேண்டும் என்று கேட்டாலும், முதலில் சிக்னல் எவ்வளவு, ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

அப்படியானால் வேகத்தைக் கட்டவே கூடாதா?

சோதனைக்குக் கட்டலாம். ஒரு குறிப்பிட்ட படியில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளப்பவர்கள் கட்டுவார்கள். இன்னொரு சமயமும் உண்டு. மேல்படிக்கு ஏறுவதும் உடனே சறுக்குவதுமாக ஆடிக்கொண்டிருக்கும் இணைப்பில், மேல் இரண்டு படிகளை மட்டும் நீக்கிவிட்டால் வீடியோ பேச்சு விட்டுவிட்டு வராமல் சீராகும். இறக்கிக் கட்டுவதில் பலன் உண்டு. ஏற்றிக் கட்டியதில் பலன் கண்டவரை நான் பார்த்ததில்லை.

கட்டிய பிறகு அப்லோட் மாறுகிறது, டவுன்லோட் அப்படியே இருக்கிறது. ஏன்?

நீங்கள் கட்டியது உங்கள் வாயை மட்டும்தான். உங்கள் கார்டில் செட் பிட்ரேட்ஸ் அடித்தால் நீங்கள் அனுப்பும் வேகம் மாறும். உங்களுக்கு வரும் வேகத்தை ரூட்டர் தன் கணக்குப்படி தேர்ந்தெடுக்கும், அதை மாற்ற ரூட்டருக்குள்தான் போக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் டவுன்லோடுக்காகத்தான் தவிக்கிறோம், கட்டளையோ அப்லோடை மட்டும்தான் தொடுகிறது.

ரூட்டரும் கார்டும் புதிது. சிக்னலும் -45. ஆனாலும் 54-ஐத் தாண்டவில்லை. எங்கே கோளாறு?

சரியாக 54-ல் நின்றால் ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். வெப் (டபிள்யூஈபி) அல்லது டிகிப் (டிகேஐபி) என்று இருந்தால் அதுதான் காரணம். அந்தப் பழைய பூட்டுகளோடு எம்சிஎஸ் வேகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது 'என்' தரத்தின் விதி. எனவே கார்டு 'ஜி' காலத்துக்குப் போய்விடும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று மாற்றினால் அடுத்த இணைப்பிலேயே ஏறிவிடும். அப்படியும் 54 என்றால் டபிள்யூஎம்எம் (அவசரத் தரவுக்கு முன்னுரிமை தரும் ரூட்டர் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் எம்சிஎஸ் கிடைக்காது. யாரோ எங்கோ 'கேமுக்கு நல்லது' என்று எழுதியதை நம்பி அதை அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரியாக 72.2-லோ 144.4-லோ நின்றால் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அப்படி இருப்பதே நியாயம், 40-க்கு மாற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். கணினி தானாகப் போக மறுத்தால், 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை' என்று தொடங்கி, இணைப்பின் பெயரைக் கொடுத்து, அதன் பின் 'வைஃபை.பேண்ட் ஏ' என்று சேருங்கள். ஏ என்றால் 5, பிஜி என்றால் 2.4.

5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டரே கண்ணில் படவில்லையா? 'ஐடபிள்யூ ரெக் கெட்' அடியுங்கள். நாடு 00 என்று காட்டினால், எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் கார்டு அடக்கி வாசிக்கிறது. 'சுடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' என்று இந்தியாவைச் சொல்லுங்கள். இந்த நாட்டுக் குறியை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்கள் எல்கே. இல்லாத நாட்டைப் போட்டு சக்தியைக் கூட்டும் குறுக்குவழி வேண்டாம், அது சட்டப்படி தப்பு.

வேகம் நன்றாகக் காட்டுகிறது, ஆனாலும் எஸ்எஸ்ஹெச்சில் (இன்னொரு கணினிக்குள் டெர்மினல் வழியாக நுழைவதில்) ஒவ்வொரு எழுத்தும் தயங்கித் தயங்கி வருகிறது.

மின்சேமிப்பு. 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 கெட் பவர்_சேவ்' ஆன் என்று சொன்னால், 'செட் பவர்_சேவ் ஆஃப்' கொடுத்துப் பாருங்கள். நிரந்தரமாக்க நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை.பவர்சேவ் என்பதற்கு 2 கொடுக்க வேண்டும். 3 என்றால் ஆன்.

கார்டு எப்படி முடிவெடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும். கெர்னலே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கார்டுகளில் அந்த வேலையைச் செய்வது மின்ஸ்ட்ரல். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக நுழைந்து, /சிஸ்/கெர்னல்/டீபக்/ஐஈஈஈ80211/ஃபை0/நெட்டெவ்:டபிள்யூலேன்0/ஸ்டேஷன்ஸ்/ என்ற அடைவுக்குள் போங்கள். அங்கே ரூட்டரின் மேக் முகவரிப் பெயரில் ஓர் அடைவு இருக்கும், அதற்குள் ஆர்சி_ஸ்டாட்ஸ் என்ற கோப்பு.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. எத்தனை முறை முயன்றது, எத்தனை வெற்றி, அந்தப் படியில் என்ன வேகம் தேறும் என்ற கணிப்பு எல்லாம் இருக்கும். இப்போதைக்குச் சிறந்த படிக்கு ஏ, அடுத்ததற்கு பி என்று குறியும் போட்டிருக்கும். மின்ஸ்ட்ரல் சிக்னல் எண்ணை நம்பி முடிவெடுப்பதில்லை. அவ்வப்போது சில ஃபிரேம்களை வேறு படிகளில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்துபோய் அந்தக் கோப்பை மறுபடி பாருங்கள், ஏ என்ற எழுத்து கீழே இறங்கியிருக்கும். ஃப்ரிட்ஜைச் சுற்றி வந்தால் மறுபடி ஏறும்.

ரூட்டர் என்னுடையது. மெதுவான வேகங்களை அதில் நீக்கலாமா?

இது நல்ல வேலை. 1500 பைட் ஃபிரேம் ஒன்று 1 எம்பிபிஎஸ்ஸில் போக 12 மில்லிநொடி ஆகும். 54-ல் போனால் கால் மில்லிநொடிகூட ஆகாது. காற்று எல்லோருக்கும் பொது. மூலையில் இருக்கும் ஒரு பழைய கருவி 1-ல் பேசி முடிக்கும் வரை மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 'நான் இருக்கிறேன்' என்று ரூட்டர் ஓயாமல் அனுப்பும் பீக்கன்களும் எல்லோருக்குமான பிராட்காஸ்ட்டும் அடிப்படை வேகத்தில்தான் போகும்.

லினக்ஸ் கணினியையே ரூட்டராக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரலின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள்:

சப்போர்ட்டட்_ரேட்ஸ்=60 90 120 180 240 360 480 540
பேசிக்_ரேட்ஸ்=60 120 240

அலகு 100 கேபிபிஎஸ் என்பதால் 60 என்றால் 6 எம்பிபிஎஸ். ரூட்டரில் ஓடுவது ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான லினக்ஸ்) என்றால் ரேடியோவின் பகுதியில் லெகசி_ரேட்ஸ் என்பதை 0 ஆக்கினால் 'பி' வேகங்கள் போய்விடும். அதைச் செய்யும் முன் வீட்டில் 'பி' மட்டும் தெரிந்த பழைய பிரிண்டர், எடை பார்க்கும் கருவி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அது ரூட்டரோடு இணையவே இணையாது.

ரீபூட் செய்தால் கட்டியது போய்விடுகிறது.

ஆமாம், எங்கும் சேமிக்கப்படாது. /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/டிஸ்பேச்சர்.டி (நெட்வொர்க்கின் என், மேனேஜரின் எம் இரண்டும் பெரிய எழுத்து) அடைவில் ஒரு சின்ன ஷெல் கோப்பு வையுங்கள். முதல் சொல்லாக இன்டர்ஃபேஸ் பெயரும் இரண்டாவதாக நிகழ்வும் அதற்கு வரும், நிகழ்வு 'அப்' என்றால் ஐடபிள்யூ வரியை ஓட்டச் சொல்லுங்கள். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகவும் இயக்கும் அனுமதியோடும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

விண்டோஸிலும் மேக்கிலும்?

பார்க்கலாம், கட்ட முடியாது. விண்டோஸில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' அடித்தால் ரேடியோ வகை, வாங்கும் வேகம், அனுப்பும் வேகம், சிக்னல் சதவீதம் வரும். மேக்கில் 'சுடோ டபிள்யூடியூட்டில் இன்ஃபோ'. முன்பு எல்லோரும் சொல்லிவந்த 'ஏர்போர்ட்' கட்டளையை ஆப்பிள் கைவிட்டுவிட்டது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை. உங்களிடம் கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

ஸ்பீட் டெஸ்ட் படம் வேண்டாம். அதில் வைஃபையும் ஃபைபரும் கலந்திருக்கும். வீட்டில் லேன் கேபிளில் மாட்டிய இன்னொரு கணினியில் 'ஐபெர்ஃப்3 -எஸ்' ஓட விட்டு, உங்கள் கணினியிலிருந்து 'ஐபெர்ஃப்3 -சி' என்று தொடங்கி அதன் ஐபி முகவரியைக் கொடுங்கள். ஒருமுறை அப்படியே, ஒருமுறை கடைசியில் -ஆர் சேர்த்து. இங்கே மட்டும் அந்த ஆர் பெரிய எழுத்து. அது ஓடும்போது எடுத்த லிங்க், ஸ்டேஷன் டம்ப் இரண்டும் வேண்டும். டிரைவர் பெயர், கெர்னல் பதிப்பு, டிமெசேஜில் வைஃபை பற்றி வரும் கடைசி இருபது வரிகள். இவற்றில் உங்கள் வைஃபை பெயரும் மேக் முகவரிகளும் இருக்கும், அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். கூடவே ரூட்டர் இருக்கும் இடத்தை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், சுற்றியிருக்கும் சாமான்கள் எல்லாம் தெரியும்படி.